பூட்டிய கோப்பும் தொலைந்த சாவியும்

முன்னுரை

ஒரு பல்கலைக்கழக மாணவரின் மூன்று நான்கு ஆண்டு உழைப்பு முழுவதும் இன்று ஒரு மடிக்கணினிக்குள் அடங்கிவிடுகிறது. இறுதியாண்டு ஆய்வேடு, களப்பணியில் எடுத்த நேர்காணல்கள், பாடக் குறிப்புகள், குடும்பப் படங்கள், வங்கிக் கணக்கு விவரங்கள் என அனைத்தும் அங்கேதான் இருக்கின்றன. விடுதி அறையில் மடிக்கணினி களவு போவதும், இரயிலில் பையோடு மறந்துவிட்டு வருவதும் நாம் கேள்விப்படாத செய்திகள் அல்ல. ஆகவே, முக்கியமான கோப்புறைகளை மறையாக்கம் செய்து பூட்டி வையுங்கள் என்று நமக்கு அறிவுறுத்துகிறார்கள். அது சரியான அறிவுரையே.

ஆனால், பூட்டுப் போடச் சொல்பவர்கள் சாவியை எங்கே வைப்பது என்று பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. படிப்பை முடித்துக் கணினித் துறையில் பணியாற்றும் எனக்கு, கழகத்து இளையோரிடமிருந்து அவ்வப்போது தொலைபேசி அழைப்பு வரும். “அண்ணா, என் சொந்தக் கோப்பையே திறக்க முடியவில்லை” என்று தொடங்கும் அழைப்புகள் அவை. அப்படி என் மேசைக்கு வந்த கணினிகளில் சிலவற்றை மீட்டிருக்கிறேன். சிலவற்றை மீட்க முடியாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு என் திறமை அல்ல. உரிமையாளரிடம் சாவி எங்கேனும் மிஞ்சியிருந்ததா, இல்லையா என்பதுதான். மறையாக்கத்தில் பூட்டு பழுதாவது மிக அரிது. சாவி தொலைவதுதான் வழக்கம். இந்த ஒரு கருத்தை மனத்தில் கொண்டு, பழுதைக் கண்டறியும் முறையையும் நீக்கும் முறையையும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

மறையாக்கம் எது, மறையாக்கம் அல்லாதது எது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஒரு கோப்பு திறக்கவில்லை என்றாலோ, திறந்தும் படிக்க முடியவில்லை என்றாலோ, அது மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது எப்போதும் உண்மை அல்ல.

தமிழ் மாணவர்களாகிய நமக்கே உரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. முன்னாள் மாணவர் ஒருவர் 2001ஆம் ஆண்டில் தட்டச்சு செய்த கட்டுரை ஒன்றை எனக்கு அனுப்பி, “பூட்டைத் திறந்து கொடு தம்பி” என்றார். கோப்பு தடையின்றித் திறந்தது. ஆனால், தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நின்றன. அது பூட்டு அல்ல. பழைய திஸ்கி குறியேற்றத்தில் எழுதப்பட்ட தமிழ். யூனிகோடு பரவுவதற்கு முன்பு நம் வட்டாரத்தில் திஸ்கி, தாப், தாம் போன்ற குறியேற்றங்கள் புழங்கின. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை இப்படித்தான் தோன்றும். குறியேற்ற மாற்றி ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றியதும் கட்டுரை முழுமையாகக் கிடைத்துவிட்டது.

குறியேற்றம் என்பது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற ஊரறிந்த உடன்பாடு. அட்டவணை யாரிடம் இருந்தாலும் படித்துவிடலாம். மறையாக்கமோ, சாவி வைத்திருப்பவர் மட்டுமே படிக்கும்படி செய்திக் கணங்களைக் கணித முறையில் கலைத்துவிடுவது. வேடிக்கை என்னவென்றால், இவ்விரண்டும் நம் கணினிக்கு ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன. யூனிகோடு தமிழையும் ‘லதா’ எழுத்துருவையும் தாங்கி வந்த விண்டோஸ் 2000 பதிப்புதான், கோப்புகளைப் பூட்டும் ‘ஈஎஃப்எஸ்’ என்ற மறையாக்க வசதியையும் முதன்முதலில் தந்தது.

விண்டோஸ் எப்படிப் பூட்டுகிறது?

பழுது நீக்க வேண்டுமானால் உள்ளே நடப்பதைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். ஒரு கோப்புறையை வலச்சொடுக்கி, அதன் பண்புகளுக்குள் சென்று, ‘அட்வான்ஸ்டு’ என்ற பொத்தானை அழுத்தி, மறையாக்கக் கட்டத்தில் குறியிடுகிறீர்கள். அதன்பின் மூன்று நிலைகளில் பூட்டு விழுகிறது.

முதல் நிலையில், ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக ஒரு சாவியைக் கணினி உருவாக்கி, அதைக் கொண்டு கோப்பின் உள்ளடக்கத்தைப் பூட்டுகிறது. விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் சேவைத் தொகுப்புக்குப் பிறகு இதற்கு ஏஇஎஸ் என்னும் வலுவான முறை பயன்படுகிறது. சாவியின் நீளம் 256 பிட்டு. அதைக் குருட்டாம்போக்கில் ஊகித்துத் திறப்பது இன்றைய கணினிகளால் ஆகாத செயல்.

இரண்டாம் நிலையில், அந்தக் கோப்புச் சாவியே உங்களுடைய பொதுச் சாவியால் பூட்டப்பட்டு, கோப்போடு சேர்த்து வைக்கப்படுகிறது. அதைத் திறக்க உங்கள் தனிச் சாவி வேண்டும். இந்த இணைச் சாவிகள் ஒரு சான்றிதழோடு உங்கள் பயனர் கணக்கில் இருக்கின்றன.

மூன்றாம் நிலையில், அந்தத் தனிச் சாவி உங்கள் கடவுச்சொல்லிலிருந்து பெறப்படும் வேறொரு சாவியின் பாதுகாப்பில் வைக்கப்படுகிறது.

நம் வீட்டு முறையில் சொன்னால், நகைப் பெட்டியின் சாவி அலமாரிக்குள் இருக்கிறது. அலமாரிச் சாவி பூசையறை மாடத்தில் இருக்கிறது. மாடத்துக் கதவைத் திறக்கும் சொல் உங்கள் நினைவில் இருக்கிறது. நீங்கள் கணினிக்குள் நுழையும்போது இம்மூன்றும் தாமாகவே திறந்துகொள்கின்றன. அதனால்தான் மறையாக்கம் செய்த கோப்பும் சாதாரணக் கோப்பைப் போலவே உங்களுக்குத் திறக்கிறது; சாவி ஒன்று இருப்பதே மறந்துபோகிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்த பிறகுதான் பலர் அதைப் பற்றி முதன்முறையாகக் கேட்கிறார்கள்.

முதலில் செய்யக் கூடாதவை

“அணுகல் மறுக்கப்பட்டது” என்ற செய்தி திரையில் வந்தவுடன் பதற்றத்தில் செய்யும் செயல்களே பெரும்பாலும் மீட்பு வழியை அடைத்துவிடுகின்றன. ஆகவே, செய்ய வேண்டியவற்றுக்கு முன் செய்யக் கூடாதவற்றைச் சொல்கிறேன்.

1. விண்டோஸை மீண்டும் நிறுவாதீர்கள். வன்தட்டை ஃபார்மட் செய்யாதீர்கள். உங்கள் சாவி கோப்போடு இல்லை, பழைய பயனர் கணக்கில் இருக்கிறது.

2. பழைய பயனர் கணக்கை நீக்காதீர்கள். பயன்படாமல் கிடக்கும் கணக்கு என்று நினைத்து நீக்கினால் சாவியும் அதனோடு போய்விடும்.

3. கடவுச்சொல் மறந்துவிட்டது என்பதற்காக, மறு அமைப்பு செய்யும் மென்பொருளைப் பயன்படுத்தாதீர்கள். கணினிக் கடையில் கொடுக்கும்போதும் இதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

4. கோப்பின் உரிமையை மாற்றினால் திறந்துவிடும் என்று நம்பாதீர்கள். உரிமை மாற்றம் காவலாளியைத்தான் விலக்கும். பெட்டியின் பூட்டு அப்படியே இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன், வன்தட்டின் முழுப் படியொன்றை இன்னொரு வட்டில் எடுத்து வைப்பது நலம். இன்று தவறாகப் போகும் முயற்சியை நாளை திருத்திக்கொள்ள அதுவே வழி.

நோய்நாடல்: நான்கு கேள்விகள்

என்னிடம் ஒரு கணினி வந்தால் நான் வரிசையாக நான்கு கேள்விகள் கேட்பேன். நீங்களும் உங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

முதற்கேள்வி: கோப்பின் பெயரோ அதன் இறுதி எழுத்துகளோ மாறியிருக்கின்றனவா? பெயர் மாறி, பணம் கேட்டு ஒரு கடிதமும் கோப்புறையில் கிடந்தால், அது பிறர் போட்ட பூட்டு. 2017ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய ‘வான்னாகிரை’ இவ்வகைப் பணயத் தீநிரல். உடனே இணையத்தைத் துண்டியுங்கள், பணம் அனுப்பாதீர்கள். டச்சுக் காவல்துறையும் யூரோப்போலும் பாதுகாப்பு நிறுவனங்களும் இணைந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ என்ற திட்டம், சிலவகைத் தீநிரல்களுக்கான சாவிகளை இலவசமாகத் தருகிறது. வேறொரு கணினியிலிருந்து அங்கே தேடிப் பாருங்கள்.

இரண்டாம் கேள்வி: கணினி விண்டோஸுக்குள் நுழைகிறதா, அதற்கு முன்பே நின்றுவிடுகிறதா? நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றால், அது பிட்லாக்கர் என்னும் முழு வட்டுப் பூட்டு. அதைப் பின்னர் தனியே காண்போம்.

மூன்றாம் கேள்வி: கோப்பின் படவுருவில் சிறிய பூட்டு அடையாளம் தெரிகிறதா? விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் ஈஎஃப்எஸ் செய்த கோப்பில் இது தெரியும். பழைய பதிப்புகளில் கோப்பின் பெயர் பச்சை நிறத்தில் இருக்கும். அடையாளம் எதுவும் இல்லாமல் அணுகல் மறுக்கப்பட்டால், அது பெரும்பாலும் அனுமதிச் சிக்கலே. பழைய வன்தட்டைக் கழற்றிப் புதிய கணினியில் மாட்டும்போது இப்படி நேர்வது இயல்பு. இங்கே மட்டும் உரிமையை மாற்றிக்கொள்வது உண்மையில் பலன் தரும்.

நான்காம் கேள்வி: கோப்பு கேட்கும் சாவியும் உங்களிடம் உள்ள சாவியும் ஒன்றா? கோப்பின் பண்புகள், அட்வான்ஸ்டு, ‘டீட்டெயில்ஸ்’ என்று சென்றால், அந்தக் கோப்பைத் திறக்க உரிமை பெற்றவர் பெயரும் அவருடைய சான்றிதழின் விரல்ரேகை எண்ணும் தெரியும். கட்டளைச் சாளரத்தில் ‘சைஃபர்’ என்னும் கட்டளையை ஆங்கிலத்தில் சி-ஐ-பி-எச்-இ-ஆர் எனத் தட்டி, இடைவெளி விட்டு, சாய்கோடும் சி என்ற எழுத்தும் சேர்த்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தாலும் இதே விவரம் கிடைக்கும். உங்கள் கணக்கில் உள்ள சான்றிதழின் விரல்ரேகை எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சாவி இருக்கிறது, மூன்றாம் நிலையில்தான் தடை. வேறாக இருந்தால், நீங்கள் தவறான சாவியைப் பிடித்திருக்கிறீர்கள்.

பழுதுகளும் மருந்துகளும்

முதலாவது, கடவுச்சொல் மறு அமைப்பு. மானுடவியல் படித்த தங்கை ஒருவர், இரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்களை நேர்கண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். நேர்காணல் தந்தவர்களின் பெயர்களை வெளியிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்ததால், அந்தக் கோப்புறையை மறையாக்கம் செய்திருந்தார். மிகச் சரியான செயல். விடுமுறைக்குப் பின் கடவுச்சொல் மறந்துபோகவே, கணினிக் கடை ஒன்றில் அதை மறு அமைப்பு செய்து கொடுத்துவிட்டார்கள். கணினி திறந்தது, கோப்புறை திறக்கவில்லை.

நீங்களே பழைய கடவுச்சொல்லைக் கொடுத்துப் புதியதற்கு மாற்றும்போது, விண்டோஸ் மூன்றாம் நிலைச் சாவியையும் சேர்த்துப் புதுப்பித்துவிடும், சிக்கல் எழாது. பிறர் வெளியிலிருந்து வலிந்து மாற்றும்போது அது நடப்பதில்லை. திருடன் உங்கள் கடவுச்சொல்லை அழித்துவிட்டுக் கோப்பைப் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே இப்படி அமைத்திருக்கிறார்கள். இதற்கு மருந்து எளிது: பழைய கடவுச்சொல் நினைவுக்கு வந்தால், கடவுச்சொல்லை மறுபடியும் அந்தப் பழையதற்கே மாற்றிவிட வேண்டும். முன்பே கடவுச்சொல் மீட்பு வட்டு உருவாக்கி வைத்திருந்தால் அதையும் பயன்படுத்தலாம். அந்தத் தங்கை தம் பழைய குறிப்பேடுகளைப் புரட்டி, ஒரு வாரம் கழித்துச் சொல்லைக் கண்டுபிடித்தார். மாற்றியதும் நேர்காணல்கள் அனைத்தும் திறந்தன.

இரண்டாவது, விண்டோஸ் மறுநிறுவல். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14ஆம் நாள் முடிந்தது. அதையொட்டிப் பலர் தங்கள் கணினியைத் துடைத்துவிட்டு விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவினார்கள். கோப்புகளை வெளிவட்டில் படியெடுத்துவிட்டோம், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அவையேதான், பிறகு ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறார்கள். பெயர் ஒன்றானாலும் கணக்கு வேறு. புதிய கணக்குக்கு உள்ளடையாள எண் வேறு, சாவியும் வேறு. ஒரே பெயருள்ள இருவருக்கு ஒரே வீட்டுச் சாவி இருக்க முடியாது அல்லவா?

சாவியின் காப்புப்படி இருந்தால், ‘பிஎஃப்எக்ஸ்’ என்று முடியும் அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கி, அதற்கான கடவுச்சொல்லைக் கொடுத்து, உங்கள் கணக்கில் இறக்குமதி செய்யுங்கள். கோப்புகள் உடனே திறக்கும். காப்புப்படி இல்லையென்றால், வன்தட்டில் ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்ற பழைய கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். அதனுள் பழைய பயனரின் ‘ஆப்டேட்டா’ பகுதியில் சான்றிதழ், தனிச் சாவி, அதைக் காக்கும் சாவி ஆகிய மூன்றும் மிஞ்சியிருக்கலாம். பழைய கடவுச்சொல்லும் தெரிந்திருந்தால், தரவு மீட்பு வல்லுநர் ஒருவர் அவற்றைக் கொண்டு கோப்புகளை மீட்க வாய்ப்புண்டு. ஆனால், அக்கோப்புறையை விண்டோஸ் சில நாள்களில் தானாகவே நீக்கிவிடும். ஆகவே, தாமதம் கூடாது.

வன்தட்டைத் துடைத்துவிட்டு நிறுவியிருந்தால் அந்த வழியும் இல்லை. அப்படி ஒரு வட்டு என்னிடம் வந்தது. தம் தாத்தா பாடிய தாலாட்டுகளையும் கதைகளையும் ஒலிப்பதிவு செய்து பூட்டி வைத்திருந்த ஒரு முன்னாள் மாணவருடையது அது. கோப்புகள் அத்தனையும் ஒரு பைட்டுகூடக் குறையாமல் இருந்தன, சாவி இல்லை. தாத்தாவும் இல்லை. அவரிடம் நான் சொல்ல முடிந்தது, அந்த வட்டைத் தூக்கி எறிய வேண்டாம், பழைய கணினி எதிலேனும், பழைய விரலி எதிலேனும் சாவிப் படி கிடைக்கிறதா என்று தேடுங்கள் என்பது மட்டுமே.

மூன்றாவது, பூட்டவே முடியாத நிலை. மறையாக்கக் கட்டம் மங்கலாகத் தெரிந்து, குறியிட முடியாமல் இருந்தால், உங்கள் விண்டோஸ் ‘ஹோம்’ பதிப்பாக இருக்கலாம். அதில் ஈஎஃப்எஸ் வசதி தரப்படுவதில்லை. கோப்புறையைச் சுருக்குவதும் மறையாக்குவதும் ஒருசேர இயலாது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் பிணையக் கணினியில், மீட்புச் சான்றிதழ் செல்லாது என்ற செய்தி வந்தால், அது நிருவாகி புதுப்பிக்க வேண்டிய சான்றிதழ் காலாவதியானதன் அறிகுறி. உங்கள் கணினியில் திருத்த எதுவும் இல்லை. இத்தகைய பிணையங்களில் மீட்பு முகவர் என்ற பொறுப்பில் நிருவாகியிடம் ஒரு மாற்றுச் சாவி இருக்கக்கூடும் என்பதால், அங்கே பூட்டிய கோப்பு திறக்காவிட்டால் முதலில் தகவல் தொழில்நுட்ப மையத்தை நாடுங்கள்.

நான்காவது, விரலி வழியாக எடுத்துச் செல்வது. விரலிகள் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் அல்லாத வேறு அமைப்பில் இருக்கும். பழைய விண்டோஸ் பதிப்புகளில், பூட்டிய கோப்பை அதில் படியெடுத்தால் பூட்டு கழன்றுவிடும். 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பு முதல், கோப்பு பூட்டோடே ‘பிஃபைல்’ என்ற பின்னொட்டுடன் செல்லவும் கூடும். ஆகவே, விளக்கக்காட்சிக்கு முதல் நாளே வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள். மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினாலோ பூட்டு உடன் வராது. பெறுபவர் வெறும் கோப்பைத்தான் பெறுவார்.

முழு வட்டுப் பூட்டு

ஈஎஃப்எஸ் கோப்பைப் பூட்டுகிறது. 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த பிட்லாக்கர் வட்டு முழுவதையும் பூட்டுகிறது. இன்றைய மடிக்கணினிகளில் இது நாம் கேட்காமலேயே இயங்கக்கூடும். 2024இல் வெளிவந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாப்ட் கணக்கோடு நுழைந்தால், வட்டு மறையாக்கம் தானாகவே தொடங்கிவிடும். ‘ஹோம்’ பதிப்பிலும் ‘கருவி மறையாக்கம்’ என்ற பெயரில் இது உண்டு.

அன்றாடம் இது கண்ணுக்குத் தெரியாது. தாய்ப்பலகையை மாற்றினாலோ, பயாஸ் என்னும் அடிப்படை நிரலைப் புதுப்பித்தாலோ, தொடக்க அமைப்புகளை மாற்றினாலோ, கணினி ஐயம் கொண்டு மீட்புச் சாவியைக் கேட்கும். அது ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுக் கூறுகளாக, மொத்தம் 48 இலக்கங்கள் உடையது. நீலத் திரையில் சாவியின் அடையாள எண்ணும் காட்டப்படும். அதன் முதல் எட்டு எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, கைப்பேசி வழியாக உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, கருவிகள் பகுதியில் அதே அடையாளம் கொண்ட சாவியைத் தேடுங்கள். கணினி வாங்கிய அன்று அக்காளோ அப்பாவோ தம் கணக்கில் நுழைந்து அமைத்துக் கொடுத்திருந்தால், சாவி அவர்கள் கணக்கில் இருக்கும்.

பட்டதாரி மாணவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மடிக்கணினியைப் பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கோடு இணைத்து அமைத்திருந்தால், மீட்புச் சாவி பல்கலைக்கழகத்தின் கணக்கில்தான் சேர்ந்திருக்கும். பட்டம் பெற்ற பின் அக்கணக்கு மூடப்பட்டால், உங்கள் சொந்தக் கணினியின் சாவி உங்களுக்கு எட்டாத இடத்தில் இருக்கும். பட்டமளிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவருக்கு இப்படித்தான் நேர்ந்தது. நல்ல வேளையாகத் தகவல் தொழில்நுட்ப மையத்தின் பதிவில் சாவி அழியாமல் இருந்ததால், அடையாளத்தை உறுதிப்படுத்திப் பெற முடிந்தது. அந்த நல்ல வேளையை நம்பியிராமல், பட்டமளிப்பு அங்கி அணிவதற்கு முன்பே மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

சாவியைக் காக்கும் முறை

ஈஎஃப்எஸ் பயன்படுத்துவோர் கீழ்க்காணும் படிகளைப் பின்பற்றினால் போதும். பத்து நிமிட வேலை.

1. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, தோன்றும் பெட்டியில் சி-இ-ஆர்-டி-எம்-ஜி-ஆர், புள்ளி, எம்-எஸ்-சி எனத் தட்டுங்கள். சான்றிதழ் மேலாளர் திறக்கும்.

2. ‘பர்சனல்’ என்ற பிரிவில் சான்றிதழ்களைப் பாருங்கள். நோக்கம் என்ற பத்தியில் ‘என்கிரிப்டிங் ஃபைல் சிஸ்டம்’ என்று இருப்பதே நமக்கு வேண்டியது. ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் அனைத்தையும் படியெடுங்கள்.

3. அதை வலச்சொடுக்கி, ஏற்றுமதியைத் தேர்ந்தெடுங்கள். தனிச் சாவியையும் ஏற்றுமதி செய்க என்பதைக் கட்டாயம் தேர்வு செய்யுங்கள். தனிச் சாவி இல்லாத சான்றிதழ் பூட்டுவதற்கு மட்டுமே உதவும், திறப்பதற்கு உதவாது.

4. ஏற்றுமதிக்குப் பின் தனிச் சாவியை நீக்குக என்ற கட்டத்தில் குறியிடாதீர்கள்.

5. வலுவான கடவுச்சொல் ஒன்றைக் கொடுத்து, பிஎஃப்எக்ஸ் கோப்பாகச் சேமியுங்கள். இரண்டு விரலிகளில் படியெடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வேறிடத்திலும் வையுங்கள். பூட்டிய கோப்புறைக்குள்ளேயே வைக்காதீர்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே எறிந்த கதை ஆகிவிடும்.

6. இறுதியாகச் சோதித்துப் பாருங்கள். பூட்டிய சிறு கோப்பு ஒன்றைப் பூட்டோடு வேறொரு கணினிக்குக் கொண்டுசென்று, சாவியை இறக்குமதி செய்து, திறக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத காப்புப்படி காப்புப்படி அன்று. சோதனை முடிந்ததும் இறக்குமதி செய்த சாவியை அக்கணினியிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இன்னொரு குறிப்பு. தனிக் கோப்பைப் பூட்டுவதைவிடக் கோப்புறையைப் பூட்டிவிட்டு, அதனுள்ளேயே கோப்புகளை உருவாக்குவது நல்லது. ஏற்கெனவே உள்ள வெறும் கோப்பைப் பின்னர் பூட்டினால், அதன் பழைய சுவடுகள் வட்டின் காலியிடத்தில் மிஞ்சக்கூடும்.

கழகப் பொறுப்பாளர்களுக்கு

ஆண்டுதோறும் செயலவை மாறுவது நம் கழகங்களின் மரபு. உறுப்பினர் பட்டியல், அடையாள அட்டை எண்கள், கணக்கு விவரங்கள், பழைய இதழ்களின் மூலக் கோப்புகள் ஆகியவை செயலாளரின் மடிக்கணினியில் பூட்டி வைக்கப்படுவதும் உண்டு. பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் கோப்புகளைக் கொடுத்துவிட்டுச் சாவியைக் கொடுக்காமல் போனால், அடுத்து வருபவர் கையில் இருப்பது வெறும் எண்களின் குவியலே. ஆகவே, ஒப்படைப்புப் பட்டியலில் முத்திரை, வங்கிப் புத்தகம், கூட்டக் குறிப்பு என்பவற்றோடு ‘மறையாக்கச் சாவி’ என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய செயலாளர் தம் கணினியில் திறந்து பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும்.

முடிவுரை

மறையாக்கம் அஞ்சி ஒதுக்க வேண்டிய ஒன்றன்று. நம்மை நம்பித் தங்கள் வாழ்க்கையைச் சொன்ன ஒரு தோட்டத்து மூதாட்டியின் பெயரைக் காக்க, அதைவிட நல்ல வழி நம் கையில் இல்லை. ஆனால், அந்தப் பூட்டு திருடனையும் உரிமையாளரையும் முகம் பார்த்துப் பிரித்தறியாது. சாவியை மட்டுமே பார்க்கும். சாவியைத் தொலைத்தவர் யாராயினும் அதற்கு அந்நியரே.

எனவே, தம்பி தங்கைகளே, இன்றிரவே உங்கள் மடிக்கணினியைத் திறந்து, பூட்டிய கோப்புறைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், மேலே சொன்ன ஆறு படிகளையும் செய்து முடித்துவிட்டு உறங்கச் செல்லுங்கள். முன்னாள் மாணவர்களாகிய அண்ணன்மாரே, அக்காமாரே, பரணில் கிடக்கும் பழைய கணினியைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன், அதனுள் எந்தக் கோப்பின் சாவி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.